53 வயதில் ஒலிம்பிக் தங்கம்: வில்லாளர் குவீனி நியூவால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வினாடி வினா நிகழ்ச்சிகளுக்கு விளையாட்டு வரலாற்றுக் கேள்விகளைத் தயாரித்துத் தருவது என் வழக்கம். அவற்றில் குவீனி நியூவாலின் பெயர் வரும்போதெல்லாம் அரங்கில் அதே ஐயங்கள் எழுகின்றன. நிகழ்ச்சி முடிந்த பிறகும் சிலர் வந்து கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். எளியவை முன்னும் சிக்கலானவை பின்னும் வருகின்றன.

குவீனி நியூவால் என்பவர் யார்? சில இடங்களில் சிபில் என்று போட்டிருக்கிறதே, இருவரும் ஒருவர்தானா?

ஒருவர்தான். சிபில் ஃபென்டன் நியூவால் என்பது முழுப்பெயர். குவீனி என்பது எல்லோரும் அழைத்த பெயர். 1854 அக்டோபர் 17 அன்று இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில், ராச்டேலை அடுத்த லிட்டில்பரோவில் வசதியான குடும்பத்தில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் ஜான் ஃபென்டன், ராச்டேல் தொகுதியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர். பாட்டனார் நாடாளுமன்றத்தில் அமர்ந்திருந்த அந்நாட்டில், பேத்தி ஒலிம்பிக் தங்கம் வென்ற 1908இல்கூட நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெண்களுக்குக் கிடையாது. 1918இல்தான் அவ்வுரிமை, அதுவும் 30 வயதைக் கடந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும், கிடைத்தது.

நியூவால் திருமணம் செய்துகொள்ளவில்லை. அவர் பெயர் இன்று நினைக்கப்படுவதற்குக் காரணம் ஒன்றே: 1908 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் வில்வித்தைப் போட்டியில் அவர் முதலிடம் பெற்றார்.

53 வயதில் தங்கம் என்பது உண்மைதானா, அல்லது வாட்சாப்பில் சுற்றும் கதைகளில் ஒன்றா?

உண்மை. பிறந்த நாளையும் போட்டி முடிந்த நாளையும் வைத்து நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். போட்டி 1908 ஜூலை 17, 18 ஆகிய நாள்களில், வெள்ளி, சனிக்கிழமைகளில், நடந்தது. வென்ற அன்று அவருக்கு வயது 53 ஆண்டுகளும் 275 நாள்களும்.

வாட்சாப்பில் சுற்றும் கதையில் பிழையாக இருப்பது வயது அன்று. "வீட்டில் சும்மா இருந்த பாட்டி ஒரு நாள் வில்லை எடுத்தார், வென்றார்" என்பது போன்ற ஒட்டுவேலைகள்தான். அவர் ஒலிம்பிக்குக்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1905இல், செல்ட்டன்ஹாம் வில்லாளர் சங்கத்தில் சேர்ந்தவர். தேசிய அளவில் முன்னணியில் இருந்தவர்களோடு மோதிப் பழகியவர்.

போட்டி எப்படி நடந்தது? எத்தனை அம்புகள், எவ்வளவு தூரம்?

பெண்களுக்கு வைக்கப்பட்டது "டபுள் நேஷனல் ரவுண்ட்" என்னும் முறை. நேஷனல் ரவுண்ட் ஒன்றுக்கு 60 கெஜத்திலிருந்து 48 அம்புகளும் 50 கெஜத்திலிருந்து 24 அம்புகளும் எய்ய வேண்டும். இதை இரண்டு நாள், நாளுக்கு ஒருமுறையாகச் செய்ததால் மொத்தம் 144 அம்புகள். 60 கெஜம் என்பது ஏறத்தாழ 55 மீட்டர். 50 கெஜம் ஏறத்தாழ 46 மீட்டர்.

இலக்கு நான்கு அடி விட்டமுள்ள வட்டம். வைக்கோற் புரியைச் சுற்றிச் சுற்றித் தைத்த தடித்த திண்டின்மேல் வண்ணம் தீட்டிய துணி போர்த்தப்பட்டிருக்கும். நடுவில் பொன்நிறம் 9 புள்ளி, அடுத்து சிவப்பு 7, நீலம் 5, கறுப்பு 3, வெளிவட்டமான வெள்ளை 1. அத்தனை அம்பும் பொன்னில் தைத்தால் 1296 புள்ளிகள் வரும். நியூவால் எடுத்தவை 688. அதாவது அம்பு ஒன்றுக்குச் சராசரியாக 4.8 புள்ளிகள், நீல வளையத்துக்குச் சற்றுக் கீழே.

குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாத காலம். அப்புறம் எப்படிக் குறி வைத்தார்கள்?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் பழைய வில்வித்தையின் நுட்பம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. அவர்கள் கையாண்டது ஆங்கில நெடுவில்; பெரும்பாலும் யூ மரத்தில் செய்தது. இன்றைய வில்லில் இருக்கும் குறிமானி, நிலைப்படுத்தும் கம்பிகள் எவையும் அதில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஹொரஸ் ஃபோர்டு என்பவர் நாணைக் காது வரை இழுக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, தாடையின் கீழே கொண்டுவந்து நிறுத்தும் முறையைப் பரப்பினார். அவர் 1849 முதல் 1859 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள் தேசியப் பட்டம் வென்றவர் என்பதால் அவர் சொன்னதை எல்லோரும் பின்பற்றினார்கள்.

நாண் தாடைக்குக் கீழே நிற்கும்போது அம்பு கண்ணுக்கு நேர்கீழே வருகிறது. அப்போது அம்பின் முனையை ஏதேனும் ஒரு புள்ளியோடு பொருத்திப் பார்க்க முடியும். அந்தப் புள்ளி இலக்கின் நடுவாக இருக்க வேண்டியதில்லை; குறைந்த தூரத்தில் அது இலக்குக்கு முன்னால் தரையில் ஓரிடமாக, ஒரு புல் திட்டாகக்கூட இருக்கும். வில்லாளர் இலக்கை நேராகக் குறி வைக்காமல் அந்தத் தரைப்புள்ளியைக் குறி வைப்பார். அம்பு வளைந்து சென்று பொன்னில் தைக்கும். தூரம் மாறினால் புள்ளியும் மாறும். காற்று வீசினால் அதைப் பக்கவாட்டில் எவ்வளவு நகர்த்துவது என்பதை அனுபவம்தான் சொல்ல வேண்டும். 53 வயது இங்கே குறையாக இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

நீளப் பாவாடையும் பெரிய தொப்பியும் போட்டுக்கொண்டா வில் எய்தார்கள்?

ஆம். கணுக்கால் வரை நீண்ட பாவாடை, கழுத்து வரை மூடிய மேற்சட்டை, தொப்பி ஆகியவைதாம் அந்தக் காலப் பெண் வில்லாளர்களின் உடை. நாண் அடிக்காமல் இருக்க இடது முன்கையில் தோல் காப்பு கட்டுவார்கள். நாணை இழுக்கும் விரல்களுக்குத் தோல் உறை உண்டு. இடுப்புக் கச்சையில் அம்புகளைச் செருகிக்கொள்வார்கள். அதிலேயே கம்பளி நூலால் ஆன பருத்த குஞ்சம் ஒன்று தொங்கும். பார்ப்பவர்கள் அதை அலங்காரம் என்று நினைப்பார்கள். மண்ணில் குத்திய அம்பைப் பிடுங்கி அந்தக் குஞ்சத்தில்தான் சேற்றைத் துடைப்பார்கள்.

சேற்றுக்கு அன்று பஞ்சம் இல்லை. 1908 லண்டன் ஒலிம்பிக் மழைக்குப் பேர்போனது. ஈரம் பட்டால் அம்பின் இறகுகள் படிந்துபோய், அம்பு பறக்கும் விதமே மாறிவிடும். மூன்று மூன்று அம்புகளாக எய்து, இலக்கு வரை நடந்து, பிடுங்கி, துடைத்து, திரும்பி வந்து மீண்டும் நிற்பது என்று 144 அம்புகளையும் நனைந்த புல்வெளியில், கணுக்கால் வரை நீண்ட பாவாடையோடு முடிக்க வேண்டும் என்றால், அதை நிதானமான பொழுதுபோக்கு என்று சொல்லிவிட முடியாது.

முதல் நாள் அவர் பின்தங்கியிருந்தார் என்று படித்தேன். பிறகு எப்படி வென்றார்?

முதல் நாள் முடிவில் லாட்டி டாட் 348 புள்ளிகளோடு முன்னிலையில் இருந்தார்; நியூவால் 338. பத்துப் புள்ளி என்பது இரண்டு நல்ல அம்புகளில் தீர்ந்துவிடும் இடைவெளிதான். இரண்டாம் நாள் நியூவால் 350 எடுத்தார். டாட் 294க்கு இறங்கிவிட்டார். இறுதியில் 688க்கு 642. மூன்றாம் இடம் 618 புள்ளிகளோடு பியாட்ரிஸ் ஹில்-லோவுக்குக் கிடைத்தது. அயர்லாந்தின் லூத் மாவட்டத்தில் ஆர்டீயில் பிறந்த அவரை ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் அயர்லாந்துப் பெண்ணாகக் கருதுகிறார்கள்.

"நியூவால் அபாரமாக மீண்டெழுந்தார்" என்று எழுதுவது வழக்கம். எண்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அவர் இரண்டு நாளும் ஏறக்குறைய ஒரே அளவில் எய்தார். பன்னிரண்டு புள்ளிதான் கூடியது. சரிந்தவர் டாட். இரண்டு நாள் போட்டியில் இரண்டாம் நாளும் முதல் நாளைப் போலவே எய்வதுதான் கடினம் என்பதை வில் பிடித்த யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த லாட்டி டாட், விம்பிள்டன் வென்ற லாட்டி டாட்தானா?

அவரேதான். 1887இல் 15 வயதில் விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றவர். அந்தப் பட்டத்தை வென்ற மிக இளைய பெண் இன்றும் அவர்தான். மொத்தம் ஐந்து முறை வென்றுவிட்டு டென்னிஸிலிருந்து விலகி, இங்கிலாந்துக்காக ஹாக்கி ஆடினார். 1904இல் பிரிட்டிஷ் மகளிர் கோல்ஃப் பட்டத்தையும் வென்றார். ஒலிம்பிக்கின்போது அவருக்கு 36 வயது. அவருடைய அண்ணன் வில்லியம் டாட் அதே ஒலிம்பிக்கில் ஆண்கள் வில்வித்தையில் யார்க் ரவுண்ட் என்னும் போட்டியில் தங்கம் வென்றார்.

நியூவாலைப் பற்றிய கட்டுரைகள் பாதியில் டாட்டைப் பற்றியவையாக மாறிவிடுவது உண்டு. டாட்டின் வாழ்க்கை அத்தனை சுவையானது என்பதால் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சனிக்கிழமை மாலை முதலிடத்தில் இருந்தவர், பல விளையாட்டுகளில் கொடி நாட்டிய 36 வயதுக்காரர் அல்லர். அவரைவிட 17 வயது மூத்தவர்.

ஓட்டப் பந்தயத்துக்கே பெண்களை விடாத காலத்தில் வில்வித்தைக்கு மட்டும் எப்படி அனுமதித்தார்கள்?

ஓடத் தேவையில்லை என்பதாலேயே அனுமதித்தார்கள். 1908இல் பெண்கள் போட்டியிட்டவை முக்கியமாக டென்னிஸ், வில்வித்தை, பனித்தளச் சறுக்கு (ஃபிகர் ஸ்கேட்டிங்) ஆகியவை. நீச்சல் 1912இலும் தடகளம் 1928இலும்தான் பெண்களுக்குத் திறந்தன. வில்வித்தையில் உடை கலையாது, வியர்வை வழியாது, நின்ற இடத்தில் நேராக நிற்பதே அழகாகவும் கருதப்பட்டது. மேட்டுக்குடிப் புல்வெளிகளில் ஆண்களும் பெண்களும் அருகருகே வில் எய்வது ஒரு நூற்றாண்டாகவே வழக்கத்தில் இருந்தது. அந்தப் புல்வெளிச் சந்திப்புகள் கல்யாணப் பேச்சுகளுக்கும் வசதியான இடங்கள்.

அனுமதி யாருக்கு என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வில், அம்பு, சங்கச் சந்தா, வாரநாளில் ஓய்வு, ஊர் ஊராகப் போட்டிகளுக்குச் செல்லும் செலவு ஆகியவை உள்ளவர்களுக்கே அந்தக் கதவு திறந்திருந்தது. லங்காஷயரின் பஞ்சாலைகளில் வேலை செய்த நியூவாலின் வயதுப் பெண்களுக்கு இது எட்டாத உலகம்.

போட்டியிட்ட அனைவருமே பிரிட்டனைச் சேர்ந்தவர்களாமே. அப்படியானால் இதை ஒலிம்பிக் என்று எப்படிச் சொல்வது?

25 பெண்கள் பங்கேற்றார்கள். அனைவரும் பிரிட்டன் சார்பில் வந்தவர்கள்தாம். எனவே நடைமுறையில் இது ஒரு தேசியப் போட்டியின் அளவே ஆனது என்னும் விமரிசனம் நியாயமானது. ஆனால் அப்போது பெண்களுக்கு முறையான வில்வித்தைப் போட்டிகளை நடத்திவந்த நாடுகள் மிகச் சில. அவற்றில் முதன்மையானது இங்கிலாந்து. அமெரிக்காவில் தனியாக ஒரு மரபு இருந்தது. எனவே உலகின் வலுவான களங்களில் ஒன்று அங்கேதான் கூடியது என்றும் சொல்லலாம், ஒரு பெரிய விதிவிலக்கைத் தவிர. அந்த விதிவிலக்கு ஆலிஸ் லே. அவரைப் பற்றிய கேள்வி கீழே வருகிறது.

ஒலிம்பிக்கில் வில் எய்த முதல் பெண் இவர்தானா?

இல்லை. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கிலேயே பெண்கள் வில்வித்தை நடந்தது. அங்கே வென்றவர் ஒஹாயோவின் லைடா ஹவல். 1883 முதல் 1907 வரையிலான காலத்தில் 17 முறை அமெரிக்கப் பட்டம் வென்றவர். அங்கும் போட்டியிட்ட ஆறு பேரும் அமெரிக்கர்களே என்பதால், முந்தைய கேள்வியில் எழுந்த குறை அதற்கும் பொருந்தும்.

அதே டபுள் நேஷனல் ரவுண்டில் ஹவல் 1904இல் எடுத்தவை 620 புள்ளிகள். நான்கு ஆண்டு கழித்து நியூவால் எடுத்தவை 688. இடமும் வானிலையும் வேறு என்பதால் இதை வைத்து யார் சிறந்தவர் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நியூவாலின் எண்ணிக்கை எளிய களத்தில் கிடைத்த எளிய எண்ணிக்கை அன்று என்பது தெரிகிறது.

ஆலிஸ் லே வந்திருந்தால் நியூவால் வென்றிருப்பாரா?

வென்றிருக்க மாட்டார் என்பதே நேர்மையான பதில் என்று நினைக்கிறேன். ஆலிஸ் லே 1855இல் பிறந்தவர், நியூவாலின் வயதுக்காரர். 1881க்கும் 1922க்கும் இடையில் 23 முறை தேசியப் பட்டம் வென்றவர். 1902 முதல் 1909 வரை எட்டு ஆண்டுகள் அந்தப் பட்டம் அவர் கையைவிட்டுப் போகவே இல்லை. அதன் நடுவில்தான் லண்டன் ஒலிம்பிக் வந்தது. தேசியப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் ஆயத்தத்துக்காக அவர் ஒலிம்பிக்கைத் தவிர்த்தார். அடுத்த வாரமே நடந்த தேசியப் போட்டியில் நியூவாலை 151 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

இன்றைக்கு ஒலிம்பிக்கை விட்டுவிட்டு தேசியப் போட்டிக்குப் போகிறவரைப் பார்த்துச் சிரிப்போம். அன்றைய கணக்கு வேறு. 1844இல் யார்க் நகரில் தொடங்கிய தேசியக் கூட்டம் தலைமுறைகளாக வில்லாளர்கள் மதித்த களம். ஒலிம்பிக் அப்போது பன்னிரண்டு வயதுக் குழந்தை. லேயின் முடிவில் எனக்கு எந்த வியப்பும் இல்லை. அதே வேளை, வராதவரின் நிழலை வைத்து வந்து வென்றவரின் பதக்கத்தைக் குறைப்பதும் சரியன்று. நியூவாலும் பின்னர் 1911, 1912 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அந்தத் தேசியப் பட்டத்தை வென்றார். அப்போது அவருக்கு வயது 56, 57. அடுத்த ஆண்டே லே அதை மீட்டுக்கொண்டார்.

ஒலிம்பிக் தங்கம் வென்றவர்களிலேயே மிக மூத்த பெண் என்று அவரைச் சொல்லலாமா?

"தனிநபர் போட்டியில்" என்று சேர்த்துக்கொண்டால் சொல்லலாம். அந்தச் சொல்லை விட்டுவிட்டால் பிழை. வினாடி வினாவில் இந்த இடத்தில்தான் சண்டை வரும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

1904 செயின்ட் லூயிஸில் பெண்கள் அணிப் போட்டியில் முதலிடம் பெற்ற சின்சினாட்டி அணியில் எலைசா பொல்லாக் இருந்தார். 1840இல் பிறந்த அவருக்கு அப்போது 63 வயது. ஆனால் அந்த அணிப் போட்டியை எப்படி எண்ணுவது என்பதில் பதிவாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை ஒதுக்கிவைத்தாலும், 2024 பாரிஸில் குதிரையேற்ற அணிப் போட்டியில் ஜெர்மனியின் இசபெல் வெர்த் தங்கம் வென்றபோது அவருக்கு 55 வயது. ஆகவே பழைய பட்டியல்களைப் பார்த்துக் கேள்வி தயாரிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்றைய வீராங்கனைகளோடு ஒப்பிட்டால் 688 என்பது எந்த அளவு?

நேராக ஒப்பிட முடியாது. இன்று 70 மீட்டரிலிருந்து 72 அம்புகள், நடுவுக்கு 10 புள்ளி, உச்சம் 720. தென்கொரியாவின் லிம் சி-ஹியோன் 2024 பாரிஸ் தரவரிசைச் சுற்றில் 694 எடுத்து உலகச் சாதனை படைத்தார். அதாவது அதிக தூரத்திலிருந்து எய்தும் ஏறக்குறைய எல்லா அம்புகளும் நடுவிலேயே தைத்தன. நியூவாலோ உச்சப் புள்ளியில் பாதியைச் சற்றே தாண்டினார்.

இந்த இடைவெளியில் பெரும்பங்கு கருவிக்கு உரியது. குறி வைக்கும் முறையைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: குறிமானி இல்லை, மர அம்புகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை, மர வில் குளிரிலும் வெயிலிலும் வெவ்வேறாக வளையும். மீதிப் பங்கு பயிற்சிக்கு உரியது. நாள் முழுவதும் வில்லோடு வாழும் தொழில்முறை வாழ்க்கை 1908இல் யாருக்கும் இல்லை.

அதற்குப் பிறகு அவர் ஒலிம்பிக்குக்குப் போகவில்லையா?

போவதற்குப் போட்டியே இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் தூரமும் விதியும் வேறாக இருந்ததால் வில்வித்தையை ஒலிம்பிக்கில் நடத்துவது சிக்கலானது. 1912இல் அது இடம்பெறவில்லை, 1920இல் பெல்ஜியத்தில் ஆண்களுக்கு மட்டும், உள்ளூர் முறைகளில் நடந்தது, பிறகு நீங்கிவிட்டது. 1931இல் சர்வதேசக் கூட்டமைப்பு உருவாகிப் பொது விதிகளை வகுத்தது. ஆனாலும் 1972 மூனிச்சில்தான் வில்வித்தை ஒலிம்பிக்குக்குத் திரும்பியது. பெண்களைப் பொறுத்தவரை இடைவெளி 64 ஆண்டுகள். மூனிச்சில் வென்ற அமெரிக்காவின் டோரீன் வில்பர்தான் நியூவாலுக்கு அடுத்த ஒலிம்பிக் வெற்றியாளர்.

நியூவால் உள்நாட்டுப் போட்டிகளில் தொடர்ந்தார். முதல் உலகப்போர் முடிந்த பிறகும் வில்லை விடவில்லை; 1928 வரை போட்டிகளில் எய்தார். 1929 ஜூன் 24 அன்று, 74ஆவது வயதில், பிரிஸ்டலின் கிளிஃப்டனில் காலமானார்.

பிரிட்டனில் அவருக்குப் பிறகு எந்தப் பெண்ணும் வில்வித்தையில் பதக்கம் வாங்கவில்லையா?

தனிநபர் பதக்கம் ஒன்று உண்டு. 2004 ஏதென்ஸில் அலிசன் வில்லியம்சன் வெண்கலம் வென்றார். 1908க்குப் பிறகு அதுவே முதல். தங்கத்தைப் பொறுத்தவரை, 2024 பாரிஸ் முடிந்த நிலையிலும், வில்வித்தையில் பிரிட்டன் பெண் ஒருவர் வென்றது நியூவாலின் அந்த ஒன்றுதான்.